தலைமை எனும் பிரச்சினை: ஹட்டன் தோட்டத் தொழிலாளர் இயக்கத்தின் முற்பகுதியை முன்வைத்துச் சில குறிப்புகள்

நல்ல தலைவனுக்குரிய இலக்கணம் யாது என்ற வினா தமிழ்ச் சிந்தனை மரபிற்குப் புதியதன்று. திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் தொடக்கம், இன்று மணிவிழா மலர்களிலும் நினைவு மலர்களிலும் வெளிவரும் வாழ்க்கைக் குறிப்புகள் ஈறாக, தலைவனுடைய குணங்களை அடுக்கிக் கூறும் வழக்கம் நம்மிடையே தொடர்ச்சியாக இருந்து வந்துள்ளது. அஞ்சாமை, ஈகை, அறிவு, ஊக்கம் என்பன ஒரு காலத்திற் கூறப்பட்டன. தன்னலமின்மை, பேச்சு வன்மை, தியாகம் என்பன பிற்காலத்தில் அவற்றோடு சேர்ந்துகொண்டன. இவ்வாறு குணங்களைத் தொகுத்துக்கொண்டே செல்வதால் வரலாற்று மாணவனுக்குப் பெரும்பயன் எதுவும் விளைவதில்லை. ஒரே குணங்களை உடைய இருவருள் ஒருவர் ஒரு காலகட்டத்தில் மக்களை அணிதிரட்டுவதும், மற்றவர் அறியப்படாமலே மறைவதும் ஏன் என்பதற்குக் குணப்பட்டியலில் விடை இல்லை. வரலாற்றில் தனிமனிதரின் பாத்திரம் குறித்து 1898இல் பிளெகானவ் எழுதிய கட்டுரை இச்சிக்கலையே மையமாகக் கொண்டது. தலைவன் பிறரைக் காட்டிலும் தூரத்தை நோக்குகிறான் என்பது உண்மையாயினும், அவன் நோக்கும் திசையைத் தீர்மானிப்பவை சமூக உறவுகளே என்பது அவர் கண்ட முடிவின் சாரமாகும்.

இதனை ஏற்றுக்கொண்டால் வினாவின் வடிவமே மாறிவிடுகிறது. ஒருவர் யாருடைய தேவையிலிருந்து தலைவராக எழுந்தார்? யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தார்? அவரை அகற்றும் ஆற்றல் யாரிடம் இருந்தது? இவ்வினாக்களை இலங்கையின் மலையகத்தில், சிறப்பாக ஹட்டனை மையமாகக் கொண்டு வளர்ந்த தோட்டத் தொழிலாளர் இயக்கத்தின் முற்பகுதியை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையில் நாம் மேற்கொள்ளும் முயற்சியாகும். மலையகத்தைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. தலைமை என்ற உறவு அங்கு மூன்று, நான்கு வடிவங்களை ஒரு நூற்றாண்டுக்குள்ளேயே எடுத்தது. ஆதலால் அதன் உருமாற்றத்தை நெருக்கமாக நின்று காண முடிகிறது.

முதல் வடிவம் கங்காணி. கோப்பிக் காலத்தில் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்து மக்களைத் திரட்டி, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடத்திக்கொண்டு வந்தவன் அவனே. வழியிற் கொள்ளைநோய்க்கும் பசிக்கும் பலியானவர் போக எஞ்சியவர்கள் மலையேறினர். கங்காணி அவர்களுக்கு உறவினன். சில வேளைகளில் ஊரில் அவர்களிலும் உயர்ந்ததாகக் கருதப்பட்ட சாதியைச் சேர்ந்தவன். எல்லா வேளைகளிலும் கடன் கொடுத்தவன். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டது. பருவகால உழைப்பு ஆண்டு முழுவதற்குமான உழைப்பாக மாறியபோது, ஆட்சேர்த்து வந்த கங்காணி தோட்டத்திலேயே நிலைகொண்ட பெரிய கங்காணியானான். தன்கீழ் வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு எனத் தலைக்காசு அவனுக்குக் கிடைத்தது. தொழிலாளியின் கடனைக் குறித்த 'துண்டு' ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்குக் கைமாறியது. துண்டோடு ஆட்களும் கைமாறினர்.

கங்காணியைக் கொடியவன் என்று மாத்திரம் காட்டும் எழுத்துகள் நம்மிடையே உண்டு. அக்கொடுமை மறுக்கத்தக்கதன்று. எனினும், திருமணத்திற்கும் சாவுக்கும் தொழிலாளி அவனிடமே சென்றான் என்பதையும், துரையிடம் தனக்காகப் பேசும் வாய் அவனுக்கு அது ஒன்றே என்பதையும் கவனியாது விட்டால், பின்வந்த தொழிற்சங்கத் தலைமையின் இயல்பு நமக்கு விளங்காது. காப்பவனும் சுரண்டுபவனும் ஒருவனே என்ற இந்த நிலமானிய உறவு, தொழிலாளியின் மனத்தில் தலைமை பற்றிய முதற் படிமமாகப் பதிந்தது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் அப்படிமம் சட்டத்தால் ஒழியக்கூடிய ஒன்றாக இருக்கவில்லை.

இனி ஹட்டனைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். 1884இல் புகையிரதப் பாதை எட்டிய இவ்வூர், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பள்ளத்தாக்குகளின் தேயிலை முழுவதும் வந்து குவியும் வாயிலாயிற்று. தோட்டமோ முற்றிலும் தனியார் நிலம். அதன் எல்லைக்குள் துரையின் அனுமதியின்றி வெளியார் எவரும் கால் வைத்தல் அத்துமீறற் குற்றமாகும். லயத்திற்கு உறவினர் வந்து தங்குவதற்கும் துரையின் சம்மதம் வேண்டியிருந்தது. இத்தகைய சூழலில், ஒரு சில தெருக்களும் கடைவீதியும் கோயிலும் புகையிரத நிலையமும் கொண்ட சிறு நகரம் தொழிலாளிக்குப் பொருள் வாங்கும் இடம் மாத்திரமன்று. துரையின் அதிகாரம் எட்டாத நிலம் சுற்றுப்புறத்தில் அது ஒன்றே. சம்பள நாளையடுத்த ஞாயிற்றுக்கிழமையில் பல தோட்டத்தவர்கள் ஒருவரையொருவர் சந்தித்ததும், பத்திரிகை படிக்கத் தெரிந்த ஒருவனைச் சூழ்ந்து நின்றதும் இங்குதான் இயன்றது. மலையகத் தொழிற்சங்க இயக்கம் தோட்டத்திற் பிறவாது நகரத்திற் பிறந்தமை தற்செயலன்று.

1931இல் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூரில் 1887இற் பிறந்த இவர், 'வர்த்தகமித்திரன்' என்ற இதழோடு தொடர்புடையவராக, வணிகர் நலன் கருதி 1915 அளவில் முதன்முதலாக இலங்கைக்கு வந்தார். பிராமணர், ஆங்கிலம் கற்றவர், நடுத்தர வர்க்கத்தவர். தோட்டத் தொழிலாளிக்கும் அவருக்கும் இடையே பிறப்பாலோ தொழிலாலோ எவ்வித பந்தமும் இல்லை. குணப்பட்டியல் எழுதுவோர் இங்கு உடனே 'இரக்கம்' என்று எழுதி முடித்துவிடுவர். நாம் சற்று நின்று பார்த்தல் தகும். தோட்டங்களில் தமிழர் நிலையைக் காண விரும்பிய அவர் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே சென்றார் என்பது அவருடைய வாழ்க்கை வரலாற்றிற் பதிவாகியுள்ள செய்தி. வீரச்செயலாகவே இது பெரிதும் எடுத்துக் கூறப்படுகிறது. உண்மையில் இச்செய்தி தோட்டத்தின் அமைப்பைப் பற்றி நமக்கு உணர்த்துவதே அதிகம். லயத்தின் வாசல் வணிகனுக்குத் திறந்திருந்தது, பத்திரிகையாளனுக்கு மூடப்பட்டிருந்தது. கடனுக்குப் புடவை விற்பவன் தோட்ட ஒழுங்கின் ஓர் அங்கம். கேள்வி கேட்பவன் அவ்வொழுங்கிற்குப் புறம்பானவன். தாம் கண்டவற்றை அவர் 'பிளாண்டர் ராஜ்' என்ற ஆங்கில நூலில் வெளியிட்டார். அரசுக்குள் ஓர் அரசு என்பதே அத்தலைப்பின் தொனி.

தொடக்கத்தில் அவர் மேற்கொண்ட கருவி எழுத்து. 1920களில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கத்தில் இணைந்து உழைத்தார். 1925இல் சட்டநிரூபண சபைக்கு இந்தியர் பிரதிநிதியாகத் தெரிவானார். நகரத் தொழிலாளரின் போராட்டத்தில் இன வேற்றுமை கடந்த ஒற்றுமைக்கு ஒரு கணம் வாய்ப்பிருந்த காலம் அது. பொருளாதார நெருக்கடி முற்ற முற்றக் குணசிங்கவின் இயக்கம் இந்தியத் தொழிலாளருக்கு எதிரான குரலை எழுப்பலாயிற்று. இருவரும் 1920களின் இறுதியிற் பிரிந்தனர். நடேசய்யர் மலையகத்தை நோக்கித் திரும்பியமைக்கு இப்பிரிவும் ஒரு காரணம். இதனை மறைத்து, அவர் முதல் நாளிலிருந்தே தோட்டத் தொழிலாளருக்காகவே பிறந்தவர் போல எழுதுவது பக்தி இலக்கியமாகுமேயன்றி வரலாறாகாது.

1929இன் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச வேதனச் சட்டம் (1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கம்) உயர்ந்த மலைப் பிரதேசத்தில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என நாட்கூலியை நிருணயித்தது. பிள்ளை உழைப்பும் பெண் உழைப்பின் மலிவும் ஒரே அட்டவணையிற் சட்ட வடிவம் பெற்றன. இக்கூலியையும் உலகப் பொருளாதார மந்தம் விட்டுவைக்கவில்லை. தேயிலை விலை வீழ்ந்ததும் கூலி குறைக்கப்பட்டது, தோட்டங்கள் மூடப்பட்டன, ஆட்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். சம்மேளனம் தோன்றியது இவ்வேளையிலேயே. தொழிலாளி கொதிப்படைந்திருந்தான். ஆனால் வேலைநிறுத்தத்திற்கு அவனிடம் வலுவில்லை. ஆட்குறைப்புக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்த துரைக்கு வேலைநிறுத்தம் வரப்பிரசாதமாக அமையக்கூடியது. ஆகவே நடேசய்யர் கைக்கொண்ட வழி பெரும்பாலும் மனுவும் சட்டமும் பிரசாரமும் ஆகும்.

சட்டம் என்பதை நம்மிற் சிலர் இழிவாக நோக்குவதுண்டு. சீர்திருத்தவாதம் என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவர். 1930களின் லயத்து மனிதனை மனத்திற்கொண்டு பார்க்கும்போது இக்கூற்று அவ்வளவு எளிதிற் பொருந்தாது. துரையின் வாய்ச்சொல்லே சட்டம் என்று இரண்டு தலைமுறையாக நம்பிய ஒருவனுக்கு, துரைக்கும் மேலே எழுதப்பட்ட விதி ஒன்று உண்டு, அதைத் துரையும் மீற முடியாது என்று அறிவது மிகப் பெரிய அறிவுப் புரட்சியாகும். பற்றுச்சீட்டுக் கொடுத்து ஒருவனைத் தோட்டத்திலிருந்து நீக்க எத்தனை நாள் முன்னறிவித்தல் வேண்டும், செக்ரோலில் பெயர் பதியப்பட்ட நாளுக்குக் கூலி மறுக்கப்படலாமா என்பன போன்றவற்றை எளிய தமிழில் விளக்கி நூல் வெளியிட்டார் நடேசய்யர். 1931இல் வெளிவந்த 'நீ மயங்குவதேன்?' என்ற நூலும், 'தொழிலாளர் அந்தரப்பிழைப்பு' என்ற நாடகமும் இம்முயற்சியின் பகுதிகளே. மலையக இலக்கியத்தின் தோற்றுவாயைத் தேடுவோர் இவற்றை இலக்கிய நயம் குறைந்தவை என்று தள்ளுவதில்லை. தள்ளவும் கூடாது. செவி வழியே கேட்கப்படுவதற்காக எழுதப்பட்டவை அவை. கேட்டவர்களுள் எழுத்தறிந்தோர் மிகச் சிலரே.

இதே ஹட்டன் தொகுதிக்கு 1931இல் அரசாங்க சபைக்குப் போட்டியின்றித் தெரிவானவர் பெரி. சுந்தரம் என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. தோட்டச் சூழலிற் பிறந்து, கேம்பிரிட்ஜிற் கற்று வழக்கறிஞரான அவர் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராகவும் விளங்கினார். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது அவரது பதவிக்காலத்திலாகும். அவருடைய பணி சிறிதன்று. பிறப்பை மட்டும் அளவுகோலாகக் கொள்வோமாயின், தோட்டத்து மண்ணோடு தொடர்புடையவர் அவரே, அன்னியர் நடேசய்யரே. இருந்தும் 1936 தேர்தலில் ஹட்டன் நடேசய்யரைத் தெரிந்துகொண்டது. சட்டத்தை ஆக்கியவரைவிட அதனை லயத்துக்குக் கொண்டு சென்றவர் தொழிலாளிக்கு நெருக்கமானவராகத் தோன்றினார் என்றே இதற்கு நாம் பொருள் கொள்கிறோம். வர்க்கத் தோற்றம் முக்கியமானதுதான், ஆயினும் வர்க்கச் சார்பு அதனினும் முக்கியமானது.

நடேசய்யரைப் பற்றிப் பேசுமிடத்து மீனாட்சியம்மையை ஓர் அடிக்குறிப்பாகக் கூறிச் செல்வது ஆய்வாளர் பலரின் பழக்கம். அது தவறு. கூட்டங்களில் முதலில் ஒலித்தது பெரும்பாலும் அவருடைய பாட்டு. பாட்டைக் கேட்டுக் கூட்டம் சேர்ந்த பின்னரே பேச்சு. மக்கள் அறிந்த மெட்டுகளில் தொழிலாளர் துயரையும் ஒற்றுமையின் தேவையையும் அவர் பாடினார். துண்டுப் பிரசுரங்களாகவும் நூலாகவும் அப்பாடல்கள் பரவின. 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற அவரது பாடல் நூல் 1940இல் வெளிவந்தது. கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலார் பெண்கள். பிரட்டுக் களத்தில் அவர்களை ஏசி வேலைக்கு அனுப்புவோர் ஆண்கள். அத்தகைய உலகில் மேடையேறி நின்று ஒரு பெண் கூட்டத்தை விளித்துப் பாடுவது என்ன விளைவை ஏற்படுத்தியிருக்கும் என்பதைத் தலைமை பற்றிய ஆராய்ச்சி கணக்கிலெடுத்தல் வேண்டும்.

இவ்வளவும் கூறிய பின் அத்தலைமையின் எல்லையையும் கூறியாதல் வேண்டும். சம்மேளனம் நடேசய்யராக இருந்தது. நடேசய்யர் சம்மேளனமாக இருந்தார். தோட்டந்தோறும் தன்காலில் நிற்கும் அமைப்பு உருவாகவில்லை. துரைமார் சங்கமும் பெரிய கங்காணிமாரும் சேர்ந்து எதிர்த்தபோதும், கூலிக்குறைப்பு அடுத்தடுத்து வந்தபோதும், தடுத்து நிறுத்தும் ஆற்றல் அதனிடம் இருக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் அது தளர்ந்துவிட்டது. மனுப்போடுவதற்கு ஒருவர் போதும். கூலிக்குறைப்பைத் தடுக்க ஆயிரம் பேர் வேண்டும். அந்த ஆயிரம் பேரிலிருந்து தலைவர்கள் எழ வேண்டும். கங்காணியிடம் முறையிட்டுப் பழகிய மக்கள் 'ஐயரிடம்' முறையிடக் கற்றுக்கொண்டனர். இது பெரிய முன்னேற்றம். ஆயினும் முறையிடும் உறவு முறையிடும் உறவாகவே எஞ்சியது.

அவ்வுறவை உடைத்த நிகழ்ச்சிகள் 1940இல் நடந்தன. அவை ஹட்டனில் நிகழவில்லை எனினும் ஹட்டன் பள்ளத்தாக்குகள் எங்கும் அவற்றின் அதிர்வு உணரப்பட்டது. லங்கா சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கம் ஹேவாஹெட்டப் பகுதியில் உள்ள முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தபோது, 1940 ஜனவரி 10ஆம் நாள் பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். விசாரணையில் அவருடைய மனைவியின் சார்பில் தோன்றியவர் கொல்வின் ஆர். டி சில்வா. அதே ஆண்டு மே மாதத்தில் ஊவாவிலுள்ள வேவஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தம்முள் ஒரு சபையைத் தெரிவுசெய்தனர். தோட்ட விவகாரங்களில் அச்சபையைக் கலந்தாலோசிக்கத் துரை உடன்பட நேர்ந்தது. ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதம் தாங்கிய பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர்.

வேவஸ்ஸ நிகழ்ச்சிக்கு நம் வரலாற்றெழுத்து உரிய இடத்தை இன்னும் அளிக்கவில்லை என்றே கருதுகிறோம். குருதி சிந்திய நிகழ்ச்சிகளுக்கு நினைவுநாள் உண்டு. சபை தெரிவுசெய்யப்பட்ட நிகழ்ச்சிக்கு நினைவுநாள் இல்லை. ஆனால் தலைமை என்ற பிரச்சினையில் இதுவே மிகத் தெளிவான திருப்பம். பெரிய கங்காணியைத் தொழிலாளி தெரியவுமில்லை, நீக்கவும் முடியாது. நடேசய்யரை அவன் விரும்பி ஏற்றான், ஆனால் தோட்டத்திற்குள் அன்றாடம் அவருக்கு இடமில்லை. வேவஸ்ஸச் சபையினரோ காலையில் ஏனையோருடன் பிரட்டுக்கு நின்றவர்கள், அதே லயத்திற் படுத்தவர்கள். தவறு செய்தால் மாலையில் லயத்து வாசலில் அவர்களைக் கேள்வி கேட்கலாம். கிராம்சி கூறிய உயிரோட்டமுள்ள அறிவுஜீவிகள் என்ற கருத்தை விளக்க இத்தாலிய உதாரணங்களைத் தேடும் நம் விரிவுரையாளர்கள், பதுளைக்குப் பஸ் ஏறினாற் போதும்.

இத்திருப்பம் நீடிக்கவில்லை. 1940 ஜூன் மாதத்தில் என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் தடுத்துவைக்கப்பட்டனர். அதே ஆண்டில் துரைமார் சங்கத்திற்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே ஏழம்ச உடன்பாடு ஏற்பட்டது. சங்கத்தை ஏற்றுக்கொள்வது, பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் ஒழுங்குமுறை ஆகியவை இதன்வழி கிடைத்தன. கிடைத்தது வெற்றிதான். அதே வேளை, தலைவனுடைய இருப்பிடம் லயத்து வாசலிலிருந்து பேச்சுவார்த்தை மேசைக்குப் பெயர்ந்தது. மேசைக்குரிய மொழி ஆங்கிலம். அம்மொழி அறிந்தோர், போக்குவரத்திற்குப் பணம் உடையோர், அதிகாரிகளோடு பழகக்கூடியோர் ஆகியோருக்கே அம்மேசையில் இடம் இருந்தது. நேருவின் 1939 வருகையை ஒட்டி உருவான இலங்கை இந்தியக் காங்கிரசின் தொழிற்சங்கம் அவ்விடத்தை நிரப்பியது. அதன் பெருந்தலைவராக உயர்ந்த சௌமியமூர்த்தி தொண்டமான், கங்காணியாக வந்து வேவண்டன் தோட்டத்திற்கு உரிமையாளரான ஒருவரின் புதல்வர். மற்றொரு தலைவரான ஏ. அசீஸ் வணிகப் பின்னணியுடையவர். பழைய படிமம் புதிய உடையில் திரும்பி வந்தது என்று கூறின் அது முற்றும் நியாயமாகாது. எனினும் முற்றும் பொய்யுமாகாது.

1947 பொதுத்தேர்தலில் காங்கிரஸ் உறுப்பினர் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். தலவாக்கலையிலிருந்து சென்ற கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்களுள் ஒருவர். மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்தவர். அதே ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் நடேசய்யர் மறைந்தார். அடுத்த ஆண்டு பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. இக்கட்டத்திலேயே தலைமையின் தீர்மானம் ஒன்று எத்தகைய விளைவை ஏற்படுத்தும் என்பதை மலையகம் மிகக் கசப்பாக அறிந்தது. இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கான 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்பதைக் காங்கிரஸ் முதலிற் பகிஷ்கரித்தது. சட்டம் அநீதியானது என்ற அதன் வாதம் சரியானதே. ஆனால் 1951 ஆகஸ்டில் முடிவுத் தேதி நெருங்கிய வேளையில் நிலைப்பாடு மாற்றப்பட்டது. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்கான விண்ணப்பங்கள் குவிந்தன. பிறப்புச் சான்றோ வதிவுச் சான்றோ தேடியெடுக்க அவகாசமற்ற மக்கள் அவற்றில் கையொப்பத்திற்குப் பதிலாகப் பெருவிரலை ஊன்றினர். 1964 வரையில் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. காலத்தோடு விண்ணப்பித்திருப்பின் அனைவருக்கும் கிடைத்திருக்கும் என்று நாம் கூறவில்லை. மறுப்பதற்காகவே ஆக்கப்பட்ட சட்டம் அது. பகிஷ்கரிப்பதா, இல்லையா என்ற முடிவு தோட்டந்தோறும் தொழிலாளர் முன் வைக்கப்பட்டு எடுக்கப்பட்டதா என்பதே நம் வினா. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோது, அத்தலைவர்களையும் எவரும் கலந்தாலோசிக்கவில்லை. வாக்கற்ற மக்களின் தலைவர்களுக்கு அரசுகளின் முன் இருந்த மதிப்பு அவ்வளவே.

வாக்குரிமையற்ற அந்த ஆண்டுகளில் சங்கமே தொழிலாளியின் நீதிமன்றமும் தபாற்கந்தோரும் ஊராட்சியுமாயிற்று. ஒவ்வொரு தோட்டத்திலும் சங்கக் கிளைக்குத் 'தலைவர்' என ஒருவர் உண்டு. மலையகப் பேச்சு வழக்கில் 'தலைவர்' என்றாலே முதலில் குறிக்கப்படுபவர் அவர்தான். கொழும்பிலிருப்பவர் 'பெரிய தலைவர்'. முன்னவர் துரையின் கோபத்தை நேரில் தாங்குபவர், பற்றுச்சீட்டு முதலில் அவருக்கே வரும். சந்தா தொழிலாளியின் கையிலிருந்து சேர்க்கப்பட்ட வரையில், அதனை மறுக்கும் ஆயுதம் அவனிடம் இருந்தது. பின்னாளில் தோட்ட நிருவாகமே சம்பளத்திற் சந்தாவைக் கழித்துச் சங்கக் காரியாலயத்திற்கு அனுப்பும் முறை வந்தபோது சங்கத்தின் வருமானம் உறுதிப்பட்டது. மாதந்தோறும் லயத்திற்குச் சென்று கணக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. தலைமையின் உருமாற்றத்தைக் கொள்கை அறிக்கைகளிற் காட்டிலும் இத்தகைய நடைமுறைகளிற் தேடுவதே பயன் தரும்.

சமநிலைக்காக அன்று, உண்மைக்காக ஒன்றைச் சேர்த்துக் கூறுவோம். 1977 மே 11ஆம் நாள், தோட்டக் காணிகளைப் பறிப்பதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் டெவன் தோட்டத்திற் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு மாண்டார். அவர் எந்த மேசையிலும் அமர்ந்தவரல்லர். 1978இல் அமைச்சரவையிற் சேர்ந்த தொண்டமானுடைய தந்திரோபாயத்தைப் பலவாறு விமரிசிக்கலாம். ஆனால் நாடற்றவர் நிலையைப் படிப்படியாக நீக்கியதில் அதற்கிருந்த பங்கை மறுக்க இயலாது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அம்முயற்சிகளின் நெடுந்தொடர்ச்சியின் ஒரு கண்ணி.

1929இன் அட்டவணையில் 54க்கும் 43க்கும் இடையே இருந்த அந்தப் பதினொரு சதத்திற்கு என்ன நேர்ந்தது? ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி என்பது 1984 ஏப்ரல் வேலைநிறுத்தத்தின் பின்னரே கைகூடியது. ஐம்பத்தைந்து ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளிலும் பறித்த கொழுந்திற் பெரும்பங்கு பெண்களின் கைகளால் ஆனது. ஆனால் 1947இற் பாராளுமன்றம் சென்ற எழுவருள் ஒரு பெண்ணும் இல்லை. தோட்டக் கிளைகளில் பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட பதவி மாதர் தலைவி என்பது. சம்பளப் பேச்சுவார்த்தைக்கு ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் புகையிரதம் ஏறியவர்கள் தோட்டத் தலைவர்களும் மாவட்டப் பிரதிநிதிகளும். மாதர் தலைவிமார் அன்றும் வழக்கம்போல் மலைக்குக் கொழுந்தெடுக்கச் சென்றனர்.